எண் இல்லாத பச்சை

உலகத்தில் யாரும் பார்க்காத ஒரு பச்சையைக் கண்டுபிடிப்பது என்று நான் முடிவெடுத்தபோது, என் மனைவி மாவு சலிக்கும் சல்லடையைத் தேடிக்கொண்டிருந்தாள். சல்லடை என்னிடம் இருந்தது. அதில் சாம்பல் இருந்தது.

"மண் கோப்பை மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்குமே, கிளேஸ். அதை வீட்டுலயே தயார் பண்ணப் போறேன்" என்றேன்.

"கடையில டப்பாவுல விக்கிறாங்களே."

"அதை யார் வேணாலும் வாங்கலாம்."

"அதுக்குத்தானே கடை வச்சிருக்காங்க."

இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். நான் ஒரு லட்சியத்தைச் சொல்வேன். அவள் ஒரு கடையைச் சொல்வாள்.

பின்பக்க அறையை ஆராய்ச்சிக்கூடமாக்கினேன். பேக்கரி அடுப்புச் சாம்பல், கண்ணாடித் தூள், செம்புத் தூள், ஏழு வாளிகள். மூன்று மாதம் கலக்கினேன். எதைக் கலக்கிப் பக்கத்துத் தெருச் சூளையில் சுடக் கொடுத்தாலும், மழைக்கால வாசல்படி நிறத்தில்தான் வந்தது.

மனைவிக்குத் தையல் வேலை. ஹால் மூலையில் உட்கார்ந்து தைக்கிறாள். கட் பண்ணிய துணியில் என் சாம்பல் பறந்து விழுந்த அன்று, தையலை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு கோப்பையில நல்ல கிளேஸ் காட்டுங்க. நல்லா இருக்குன்னு என் வாயால சொல்லணும். இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிடுங்க."

"சரி" என்றேன். எனக்கு அந்த அறை வேண்டும். வீட்டில் நான் சொன்னது நடக்கிற ஒரே இடம் அது. வாளிகள் எதிர்த்துப் பேசுவதில்லை.

முதலில் சோதிக்க, பதினெட்டு சின்ன மண் வில்லைகள் செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கலவை. பின்பக்கம் எண் போட்டேன். எந்த எண்ணுக்கு எந்தக் கலவை என்று நோட்டில் அழகாக எழுதினேன். புதன்கிழமை சூளைக்காரர் கதவைத் திறந்தார். பதினேழு வில்லைகள் பழைய சேறு. ஒன்று மட்டும் பச்சை. அப்படி ஒரு பச்சை. திருப்பிப் பார்த்தேன். எண் இல்லை. எதிலுமே இல்லை.

"எதால எழுதினீங்க?" என்றார் சூளைக்காரர்.

"பேனாவால."

"உள்ள ஆயிரத்து இருநூறு டிகிரி சார்."

"நல்ல பேனாதான்."

அவர் சூளைக் கதவைத் தட்டிக் காட்டினார். "மை எரிஞ்சு போயிடும். இரும்புத் துருவைக் கரைச்சு எழுதணும். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

எல்லாரும் என்பதில் நான் என்றைக்கும் சேர்ந்ததில்லை. பதினெட்டில் எது என்று இனி ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ காத்திருக்காது. நேராகக் கடைக்குப் போனேன். பச்சை டப்பா ஒன்று வாங்கினேன். ஒரு கோப்பையில் பூசிச் சுடக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை கோப்பையை அவள் முன்னால் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

"வாயால சொல்லிட்டே."

"சொல்லிட்டேன். கண்டுபிடிச்சாச்சு, இல்லையா?"

"ஆச்சு."

"அப்ப ஆராய்ச்சி முடிஞ்சுது. இனிமே அந்த ரூம் எதுக்கு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஜெயிச்சா ரூம் எனக்குத்தானே?"

"தோத்தா காலி பண்ணணும்னு சொன்னேன். ஜெயிச்சா வச்சுக்கோங்கன்னு எப்ப சொன்னேன்?"

வேறு வழியில்லை. மானத்தை விட்டாலும் அறையை விடக்கூடாது. "இல்லம்மா, இன்னும் கண்டுபிடிக்கல. இது கடை டப்பா."

"அப்படியா? அப்ப தோத்துட்டீங்க."

வாசலில் ஆட்டோ நின்றது. புதுத் தையல் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எப்போது சொல்லி வைத்தாய் என்று கேட்டேன்.

"போன மாசமே. ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன்.