வலிக்குப் பேரம் பேசிய தரகர்

எட்டயபுரம் சந்தையில் ஆட்டுக்குப் பேரம் பேசியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆஸ்பத்திரியில் வலிக்குப் பேரம் பேசியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கு ஒரு பெயர் கேஸ் ஷீட்டில் இருந்திருக்கும். எங்கள் வார்டுக்கு அவர் தரகர்.

போன வருஷம் கோவில்பட்டியில் எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் மூட்டு மாற்று ஆபரேஷன், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். முதலில் போனவர் அவர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள்; காது மட்டும் நன்றாகவே கேட்கும். திரும்பி வந்ததும், அடுத்துப் போகவேண்டிய எனக்கு ஆறுதல் சொன்னார்:

"பயப்படாதீங்க அண்ணாச்சி. வலியே இல்ல. உள்ள ஆசாரி வேல நடக்கு. டொக்கு டொக்குன்னு கதவு மாட்டுத சத்தந்தான்."

நான் எழுந்து ஓடியிருப்பேன். ஓட முடிந்தால் எதற்கு ஆபரேஷன்?

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். பின்னாலேயே பிசியோதெரபி அம்மா வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், சிரித்துக்கொண்டே காலை மடக்குவார். "வலி பத்துக்கு எத்தனை ஐயா?"

தரகர் நாற்பது வருஷ ஆட்டுச்சந்தை வழக்கப்படி அடிமாட்டு விலையில் ஆரம்பித்தார். "ரெண்டு."

அந்த அம்மா 'இரண்டு' என்று எழுதிக்கொண்டு, வலிதான் இல்லையே என்று இன்னொரு மடக்கு மடக்கினார். தரகர் போட்ட கூச்சல் கயத்தாறு வரை கேட்டிருக்கும்.

"ஏ தாயி! ரெண்டுன்னா ரெண்டுலயே முடிச்சிருவியா? நீ எட்டும்ப, நான் நாலும்பேன், ஆறுல வந்து நிக்கும்னு பாத்தா..."

"நீங்கதான ரெண்டுன்னீங்க?"

"மொதப் பேச்ச யாராவது நெசம்னு எடுப்பாவளா?"

மறுநாள் உஷாராகி, "இருபது" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் தையல் இழுத்தது. ஆனால் என் கதை அவ்வளவு சிரிப்பாக இல்லை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது என்றார்கள், திருட்டுத்தனமாக வைத்துக்கொண்டேன். மடக்கச் சொன்னால், ஐஸ் பையை அணைத்துக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தேன். தரகர் தொண்ணூறு டிகிரியை எட்டிவிட்டார். நான் அறுபதிலேயே நின்றேன்.

"இப்ப மடக்கலேன்னா இறுகிப்போயிரும் சார். அப்புறம் பஸ்ஸுல கால நீட்டிக்கிட்டுதான் போகணும்" என்றார் டாக்டர். அந்தப் பயத்தில் கால் இன்னும் விறைத்துக்கொண்டது.

தரகர் டிஸ்சார்ஜ் ஆன அன்று கீழே ஆட்டோ வந்து நின்றது. பிசியோதெரபி அம்மா என் காலை மடக்க வந்திருந்தார். தரகரோ வாக்கரைத் தள்ளிக்கொண்டு என் கட்டிலருகே வந்து உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து எங்கள் கைகளின் மேல் போட்டார். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை; துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள்.

"வாயத் தொறக்காதீங்க அண்ணாச்சி. வலி எத்தனையோ அத்தன வெரலப் பிடிங்க. தாயி, நீ மடக்கு."

மூன்று விரலைப் பிடித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இரண்டைப் பிடித்தார். ஐந்து பிடித்தேன். மூன்றுக்கு மேல் அவர் விரல் ஏறவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கால், என் வலி, இவர் யார் குறைத்துப் பேச? இரண்டு கையையும் துண்டுக்குள் விட்டு எட்டுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, "தொண்ணூறு!" என்று கத்தினார் பிசியோதெரபி அம்மா.

குனிந்து பார்த்தேன். என் கால்தான் மடங்கியிருந்தது.

"முடிஞ்சிது யாவாரம்" என்று தரகர் வார்டே அதிரச் சிரித்தார். ஆனால் துண்டுக்குள் பிடித்த என் விரல்களை அவர் விடவே இல்லை. கீழே ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அந்தக் கையை விட மனசே வரவில்லை.