பற்றரிக்குப் பொட்டு வைத்த கதை

பட்டியல் போட்டு வேலை செய்பவர்கள் தவறு விடமாட்டார்கள் என்று நம்பியவள் நான். இப்போது களைத்துப்போய்ச் சொல்கிறேன்: எல்லோரும் விடும் தவறைத்தான் அவர்களும் விடுகிறார்கள், இலக்கம் போட்டு விடுகிறார்கள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் முடித்து, கண்டாவளைப் பக்கம் வீடு திரும்பிய வருடம் அது. எங்கள் வாசிகசாலையில் புதன்கிழமை பின்னேரங்களில் கலந்துரையாடல் நடக்கும். உரம், பூச்சி, உலக அரசியல், யாருடைய மாடு யாருடைய வயலில் நின்றது என்று எதையும் பேசலாம். இரண்டு வாங்குகளில் அமர்ந்த பன்னிரண்டு பேரோடு தொடங்கியது, முற்றத்தை நிறைத்து, வேலியைத் தாண்டி, றோட்டு வரை போய்விட்டது. அம்பிளிஃபயர் மட்டும் பழையது. மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடும் அதன் குரல் (இருமல் என்பதுதான் நியாயம்) மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

றோட்டோரம் கடைசியில் நிற்பவர்கள், மலைநாட்டிலிருந்து வந்து இரண்டு மைல் தள்ளிக் குடியேறியவர்கள். கூலி வேலை முடித்து வருவதால் அவர்களுக்கு எப்போதும் கடைசி இடம்தான். குடியிருப்பில் கிணறு இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுத் தண்ணீர் சுமந்தார்கள். அந்த வருட அரசாங்கப் பணம் எந்த வேலைக்கு என்று எழுதும் மாவட்டக் கச்சேரி அதிகாரி எங்கள் கூட்டத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும், அவர்களுக்காகப் பேச இருந்த செல்லம்மா அக்கா என்னிடம் வந்தார். மேடைக்கு வர அவருக்குக் கூச்சம்.

"தங்கச்சி, நான் பின்னால நின்னு பேசினா ஐயாவுக்குக் கேக்குமாங்க?"

"கேக்கும் அக்கா. எல்லாம் நான் பாக்கிறன்."

(எல்லாம் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் பாவிப்பதில்லை.)

புதிய பெரிய அம்பிளிஃபயர், இரண்டு மைக், றோட்டு வரை நீளும் வயர், நான்கு ஒலிபெருக்கி. என் பட்டியலில் இருபத்துமூன்று விடயங்கள் இருந்தன. நடராசா அண்ணையின் உழவு மெசின் பற்றரி ஆறாவது. பதினோராவது, பற்றரியின் நேர் எதிர் முனை பார்க்கும் மீற்றர். மீற்றரைப் பையில் வைத்தேன், சரி போட்டேன். பட்டியலில் 'மீற்றர்' என்றுதான் இருந்தது. 'மீற்றரால் சோதிக்கவும்' என்று இருக்கவில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் ஆயுத பூசை. அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை.

பற்றரி சந்தனமும் குங்குமமுமாக வந்து இறங்கியது. ஒரு முனை சிவப்பு. சிவப்பு என்றால் நேர் முனை. முதலாம் வருடப் பாடம். சிவப்பு வயரைச் சிவப்பில் பூட்டினேன். அதிகாரி கதிரையில் அமர்ந்தார். செல்லம்மா அக்கா றோட்டில் மைக்கோடு நின்றார். சுவிட்சைப் போட்டேன்.

'டப்' என்று ஒரு சிறிய சத்தம். அதன் பிறகு அம்பிளிஃபயரிலிருந்து புகை.

"பிள்ளை, உது புகைக்கிறது நல்லதோ?" என்றார் நடராசா அண்ணை.

"இல்லை அண்ணை."

"நான் நினைச்சன், புதுசெண்டபடியால் எண்டு."

அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். "ஒண்டுக்குச் சந்தனம், மற்றதுக்குக் குங்குமம். நான்தான் வைச்சனான். வடிவாய்த்தானே கிடக்கு?"

வடிவாகத்தான் இருந்தது. சந்தனத்தைச் சுரண்டினேன். அடியில் நேர்க்குறி இருந்தது.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். வாசிகசாலைச் செயலாளரான என் அண்ணா எழுந்து, "பின்னாலை சொல்லுறதை ஒவ்வொரு வரிசையாய் முன்னுக்குச் சொல்லிவிடுங்கோ" என்றார். அதைவிடப் புகையே பரவாயில்லை.

றோட்டிலிருந்து கிணறு ஒன்றுதான் புறப்பட்டது. வேலியடியில் ஒரு மதகு சேர்ந்துகொண்டது. முற்றத்தில் பேருந்தும் உரக்களஞ்சியமும் ஏறின. ஒரு வரிசையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மேடைக்கு வந்தபோது ஒன்பது கோரிக்கைகள். கிணறு ஐந்தாவதாக இருந்தது.

"நான் ஒண்டுதான் எழுதலாம்," என்றார் அதிகாரி. "எது?"

ஒன்பதையும் வரிசைப்படுத்தலாம் என்று நான் பேனையை எடுத்தேன். (அந்த நேரத்திலும்.)

அப்போது செல்லம்மா அக்கா மைக்கைத் தரையில் வைத்துவிட்டு நடந்து வந்தார். சனம் விலகியது. மேடைக்கு முன்னால் நின்றார். குரல் எல்லோருக்கும் கேட்டது.

"கிணறுங்க ஐயா. மத்த எட்டும் நாங்க கேக்கலைங்க."

மதகுக் கோரிக்கையின் சொந்தக்காரரான நடராசா அண்ணை வாய் திறந்தார். "இருங்கோ பேசாமல்," என்றார் மனைவி. அதிகாரி எழுதினார்.

அடுத்த வருடம் கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். முதல் வாளியை நான்தான் இறைக்க வேண்டுமாம். நான் தயங்கி நின்றேன். செல்லம்மா அக்கா கயிற்றை என் கையில் தந்தார்.

"பயப்படாம இறைங்க தங்கச்சி. இதுல வயர் ஒண்ணும் இல்லீங்க."

பக்கத்தில் நின்ற அண்ணா அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இன்றைக்கும் எனக்கு ஒரு வேலை தருமுன், "அதிலை வயர் இருக்கோ?" என்று யாராவது கேட்பார்கள். இருந்தால், பட்டியல் எழுத ஒரு பேனையைத் தந்து என்னைத் தள்ளி இருத்துவார்கள். தேங்காய் திருவலையில் வயர் இல்லை. ஆகவே, நாலு வருடமாகத் தேங்காய் திருவுவது நான்தான்.