ஓர் எலுமிச்சம்பழமும் இருநூற்றுத் தொண்ணூறு வாட்டும்

மலேசியாவிலேயே உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் அதிக தூரம் போன மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: டூ நைன்டி அண்ணே. ஐரோப்பாவில் அவர் ஏறாத மலை கிடையாது. எரிமலைக்குள்ளேயே புகுந்து வெளியே வந்திருக்கிறார். எல்லாம் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், துணி காயப்போடும் பால்கனியில். முதுகில் மின்விசிறி அடிக்கும், முகத்தில் ராணி அக்காவின் நைட்டி அடிக்கும். அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே ஆல்ப்ஸ் மலையில் ஏறிக்கொண்டிருப்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ஐசி என்கிற அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. எங்கள் ஏரியாவில் அவர் டூ நைன்டிதான். ராணி அக்கா அவர் மனைவி. அக்காவே பாசாரில் தேங்காய் வாங்கும்போது, "டூ நைன்டி வீட்டுக்கு, நல்லதா பாத்து குடுங்க" என்றுதான் சொல்வார்.

நான் எதிர் வீட்டுக்காரன். பாரம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டோபி கடைக்கு இஸ்திரி போட வந்தவன். வாட் என்றால் எனக்குத் தெரிந்தது இஸ்திரிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எழுத்துதான். ஆகவே இந்த விஷயத்தை எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். வீட்டுக்குள் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, போனில் தெரியும் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு எண் உண்டு. உயிரைக் கொடுத்து ஒரு மணி நேரம் ஒரே சீராக மிதித்தால் கால் எத்தனை வாட் தாங்கும் என்பதே அந்த எண். த்ரெஷோல்ட் என்பார்கள். நீ தினமும் என்ன பயிற்சி செய்ய வேண்டும், பந்தயத்தில் எந்த வகுப்பில் ஓட வேண்டும், எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். பலம் கூடினால் எண்ணைக் கூட்ட வேண்டும், குறைந்தால் குறைக்க வேண்டும். கூட்டுவதற்கு ஆள் நிறைய உண்டு. குறைத்த ஆளை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்குத் தொழில் பந்தல், நாற்காலி வாடகை. கோவிட் வந்து ஊரை அடைத்தபோது கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. மடித்த பந்தல் கட்டிலுக்கு அடியில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் நடைபாதையில், எங்கள் வீட்டுக் கதவு வரைக்கும். அந்த நாற்காலிகளில் ஒன்றில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்கு முன்னால் அவர் குரல் லிப்டுக்குள் இருக்கும்போதே ஏழாவது மாடிக்குக் கேட்கும். இப்போது பக்கத்தில் போனாலும் கேட்கவில்லை. எனக்குப் பயம். எனக்கு எதற்கும் பயம்தான், ஆனால் அந்தத் தடவை ராணி அக்காவுக்கும் பயம்.

அக்காதான் யாரிடமோ சொல்லி ஒரு பழைய ஸ்டாண்டை வரவழைத்தார். பின் டயரை ஓர் இரும்பு உருளை மேல் அழுத்தி வைக்கும் சாதனம். சக்கரத்தில் கட்டிய சென்சார் அது சுற்றும் வேகத்தை எண்ணும். போன் அதை வைத்து வாட் சொல்லும். புது வண்டிக்குப் பூஜை போடாமல் யார் ஏறுவது? காலண்டர் பார்த்து, ராகு காலம் தவிர்த்து, வண்டியை வாசலோரம் வைத்து, குருக்களை வீடியோ காலில் பிடித்தார்கள். நான் என் வீட்டு வாசலில், முகத்துக்கு இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றேன்.

"சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைங்க. வண்டி அது மேல ஏறிப் போகட்டும்" என்றார் குருக்கள்.

"சாமி, இது போகாது" என்றார் அண்ணன்.

"போகாத வண்டிக்கு எதுக்கு பூஜை?"

"மிதிச்சா சுத்தும் சாமி. ஆனா போகாது."

குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அதற்குள் ராணி அக்கா முடிவெடுத்துவிட்டார். "சுத்துறது இங்கதானே?" என்று பழத்தை டயருக்கும் உருளைக்கும் நடுவில் திணித்தார். அண்ணன் மிதித்தார். பழம் வெடித்தது. விதை ஒன்று நடைபாதையைத் தாண்டி வந்து என் மூக்குக் கண்ணாடியில் பட்டது. கண் போய்விட்டது என்றே நினைத்தேன்.

நல்ல நேரம் முடிவதற்குள் த்ரெஷோல்ட் சோதனையையும் முடித்துவிட வேண்டும் என்று அதே சூட்டில் ஆரம்பித்தார். இருபது நிமிடம் மூச்சு முட்ட மிதிக்க வேண்டும். வருகிற எண்ணில் ஐந்து சதவீதம் கழித்துக்கொள்ள வேண்டும். டயர் கிரீச் கிரீச்சென்று பறந்தது. வீடு முழுக்க ஊறுகாய் வாசம். கடைசியில் போன் காட்டியது: இருநூற்றுத் தொண்ணூறு.

"அஞ்சு பெர்சன்ட் கழிக்கணுமாம்ணே" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

"எதுக்கு? யாருக்கு கமிஷன்? மிதிச்சது நான் லா!"

அப்புறம் வாட்ஸ்அப்பில் இருக்கும் எங்கள் ஏரியா சைக்கிள் குழுவுக்குப் படம் போனது. அங்கே இருநூறைத் தாண்டியவர்களே இரண்டு பேர்தான். "போலே லா அண்ணே!" என்று மலாயில் பாராட்டி ஒருவர் போட்டார். "டூ நைன்டி!" என்று இன்னொருவர் போட்டார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

மறுநாளிலிருந்து அந்த எண் வரவேயில்லை. மிதித்துப் பார்த்தார், முட்டிப் பார்த்தார். அந்த எண்ணுக்கு ஏற்ற பயிற்சியைப் போன் கொடுக்கும். இரண்டாவது சுற்றிலேயே, மிதி போதவில்லை என்று திரை சிவந்துபோகும். அண்ணன் அசரவில்லை. ஒரு நாள் வெயில் என்றார். ஒரு நாள் கொசுப் புகை அடித்தார்கள் என்றார். ஒரு நாள் காலையில் தின்ற ரொட்டி சானாய். புகைமூட்டம் வந்த மாதம் மட்டும் அவருக்கு நிம்மதியாகப் போயிற்று. காரணம் தேட வேண்டியதில்லை, ஜன்னலைக் காட்டினால் போதும்.

"எண்ணைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா என்னாண்ணே?" என்று ஒருமுறை பயந்து பயந்து கேட்டேன்.

"குறைக்கவா? இது என்னா, ராயா பெருநாள் சேலா?"

பெரிய எண் என்பதால் பந்தயத்தில் போன் அவரைப் பெரிய வகுப்பில் போடும். கூட்டம் கிளம்பி ஒரு வளைவு திரும்புவதற்குள் அண்ணன் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருப்பார். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. "தலைவன்னா தனியாத்தான் போவான்" என்பார். கல்யாணங்கள் திரும்பி வந்தன, தொழில் எழுந்து நின்றது, புது வேன் வந்தது. வேனுக்கு 290 என்ற நம்பர் பிளேட்டை ஏலத்தில் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார். ஞாயிறுதோறும் 0290 என்று நாலு நம்பர் லாட்டரி எடுப்பார். அதுவும் வந்ததில்லை.

இப்போது கிள்ளான்காரரைச் சொல்ல வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் லோரி விட்டுப் பிழைப்பவர், எங்கள் குழுவில் பிறகு வந்து சேர்ந்தவர். தொடையைப் பார்த்தால் லோரியை அவரே இழுக்கிறாரோ என்று தோன்றும். ஆனால் அவர் போட்டிருந்த எண் நூற்று அறுபது. அதனால் போன் அவரைப் பிள்ளைகுட்டிகளோடும் பென்ஷன்காரர்களோடும் கடைசி வகுப்பில் விடும். வாராவாரம் அவர்தான் முதல். நம்ம அண்ணன் எண் சொல்வது பெண் பார்க்கப் போனவன் சம்பளம் சொல்வது போல. கிள்ளான்காரர் சொல்வது வருமான வரிக்காரரிடம் சொல்வது போல.

இருவரும் ஒரே குழுவில் இருந்தால் சும்மா இருக்குமா?

"அண்ணே, உங்க டூ நைன்டில ஒரு ரைஸ் குக்கராச்சும் ஓடுமா?" என்று குரல் பதிவு அனுப்பினார் கிள்ளான்.

"ஒன் சிக்ஸ்டின்னா எங்க வீட்டு காத்தாடி லா தம்பி. அதுகூட மூணாம் நம்பர்ல வச்சாத்தான்" என்று இவர் அனுப்பினார்.

வாய்ச்சண்டை வளர்ந்து பந்தயமாகிவிட்டது. சுபாங் ஜெயாவில் உள்ள ஒரு சைக்கிள் கடையிலிருந்து இரண்டு புது மெஷின் வாங்கி வருவது. பின் சக்கரத்தையே கழற்றிவிட்டு மாட்டுகிற வகை, காலின் பலத்தை நேராக அளக்கும். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில், எல்லார் கண் முன்னாலும் சோதனை. நூற்று அறுபதுக்கு மேல் போனால் கிள்ளான் மேல் வகுப்புக்கு ஏற வேண்டும். இருநூற்றுத் தொண்ணூறு வராவிட்டால் அண்ணன் அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும். வேன் பிளேட்டையும் மாற்ற வேண்டும்.

"சரி" என்று எழுதிவிட்டார் அண்ணன். எழுதிவிட்டு, நடைபாதையில் மிச்சமிருந்த ஒரு சிவப்பு நாற்காலியில் போய்ச் சும்மா உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் அப்படி உட்கார்ந்திருந்த காலத்தை நான் பார்த்தவன். பெயர் போனால் திரும்பவும் அதிலேயே உட்கார்ந்துவிடுவாரோ? பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று மிதித்து மெஷின் மேலேயே போய்விடுவாரோ? இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டுமே. நெஞ்சை அமுக்கி உயிர் கொடுப்பது எப்படி என்று வீடியோ பார்த்து, எங்கள் வீட்டுத் தலையணையில் பழகினேன். தலையணை பிழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபம் நிறைய அண்ணன் வாடகைக்கு விடும் நாற்காலிகளே. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஆளுக்கொன்று. மின்விசிறி பிடிப்பது என் பொறுப்பு. குளுகோஸ், மருந்தெண்ணெய், ஈரத்துண்டு எல்லாம் பையில் வைத்திருந்தேன்.

மெஷின் நிமிடத்துக்கு நிமிடம் சுமையைக் கூட்டும். கால் எங்கே நிற்கிறதோ அதிலிருந்து எண்ணைக் கணக்குப் போடும். கிள்ளான்காரர் கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சைப் பிடித்தார், நாக்கைத் தள்ளினார், "அலாமாக், முடியல லா" என்று சரிந்தார். மெஷின் நூற்று ஐம்பத்தெட்டு என்றது. சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. திரையில் அவருடைய இதயத் துடிப்பு, பஸ்ஸுக்கு நிற்கிற ஆளுடையது போல இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள், வாயில் நாசி லெமாக் இருந்ததால் யாரும் பேசவில்லை.

பக்கத்து மெஷினில் அண்ணன் நிறுத்தவில்லை. முகம் சிவந்து, பிறகு நீலம் பூத்தது. நான் விசிறியை அவர் மூக்குக்கு நேரே கொண்டுபோனேன். "போதும்ணே!" என்றேன். "தள்ளு லா!" என்றார். பல்லைக் கடித்தார், ஹாண்டில்பாரைக் கடிக்கப் போனார். கால் நின்றது. அப்படியே கைமேல் தலை கவிழ்ந்துவிட்டார்.

திரையில் வந்தது: நூற்று எண்பத்து நான்கு. கீழே ஒரு கேள்வி: புதிய எண்ணாக மாற்றவா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

ராணி அக்கா எழுந்து வந்து அவர் முதுகைத் துடைத்தார்.

"அன்னிக்கு டூ நைன்டி எப்படி வந்துச்சு?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார் அண்ணன்.

"எலுமிச்சம்பழம்ங்க."

"என்னாது?"

"பழச்சாறுல டயரு வழுக்கிட்டு சுத்துச்சு. நீங்க மிதிச்சது கொஞ்சம், அது சுத்துனது நெறைய. நான் பக்கத்துலதானே நின்னேன்."

"பாத்தியா? பாத்துட்டு ஏன் சொல்லல?"

அக்கா துண்டை மடித்தார். "ஊர அடைச்சதுலேருந்து அன்னிக்குத்தான் நீங்க சிரிச்சீங்க. அதுல போயி எலுமிச்சம்பழம்னு நான் எப்படிங்க சொல்றது?"

அண்ணன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். லிப்டுக்குள்ளிருந்து ஏழாவது மாடிக்குக் கேட்கிற பழைய சிரிப்பு. விரலை நீட்டி 'ஆம்' என்ற கட்டத்தை அழுத்தினார். அழுத்திவிட்டுப் பக்கத்து மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி கிள்ளான், நான் எறங்கிட்டேன். நீ ஏறு."

"அடுத்த வாரம்ணே, கால் வலி..."

"இப்ப ஏறு லா."

நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் "ஏறு! ஏறு!" என்று பொட்டலத்தைத் தட்டினார்கள். ஏறினார். உண்மையாக மிதித்தார். இருநூற்று நாற்பத்தொன்று வந்தது. அன்றிலிருந்து மேல் வகுப்பில் பெரிய ஆட்களிடம் வாராவாரம் அடி வாங்குகிறார். முகத்தில் இப்போதுதான் வியர்வை தெரிகிறது.

அண்ணன் இப்போது பென்ஷன்காரர்களோடு ஓடுகிறார். கொடுத்த பயிற்சியைக் கடைசி வரை முடிக்கிறார். எண் ஒரு வாட் ஏறினாலும் என் கதவைத் தட்டிச் சொல்கிறார். நான் தீப்பிடித்துவிட்டதோ என்று பயந்து ஓடி வருகிறேன். ராணி அக்கா ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம் சுற்றுகிறார், சைக்கிளுக்குப் பக்கத்திலேயே வராமல், வாசலோடு. வேன் பிளேட்டை மாற்று என்று கிள்ளான்காரர் கேட்கவேயில்லை. நூற்று எண்பத்து நான்கு என்று அவரைக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கும் வாய் வரவில்லை.

என் போனில் அவர் இன்னும் டூ நைன்டிதான். அதை நான் அப்டேட் பண்ணவில்லை.