அம்சவேணியின் காலை ஓட்டம்

ஒரு காட்டில் அம்சவேணி என்றொரு புள்ளிமான் இருந்தாள். மான் இருக்கும் காட்டில் புலியும் இருக்கும், அதை நான் வேறு சொல்ல வேண்டுமா? ஒருநாள் உக்கிரசாமி என்ற புலி அவளைத் துரத்தினான். தலைதெறிக்க ஓடித் தப்பினாள். புதருக்குள் மூச்சிரைக்க நின்றபோது, பயத்துக்குப் பதில் ஒரு பரவசம் வந்தது. புருஷன் கொம்பையாவின் குறட்டைகூட இனிமையாக நினைவுக்கு வந்தது.

மறுநாள் புலி வரவில்லை. தனியாக ஓடிப் பார்த்தாள்; சப்பென்றிருந்தது. கடைசியில் புலியின் குகைக்கே போய்விட்டாள்.

"அண்ணே, எழுந்திரிங்க. ஓட வேண்டாமா?"

வீடு தேடி வந்த இரையை விடுவானா? துரத்தினான். பிடிக்க முடியவில்லை. தினமும் இதே கதை. போகப் போக அவனுக்கும் அந்தப் பரவசம் தொற்றிக்கொண்டது. நெருங்கிவிட்டால் அவனே வேகத்தைக் குறைத்துக்கொள்வான். ஓட்டம் முடிந்ததும் இருவரும் ஓடைக்கரையில் உட்கார்ந்து, ஓடாத மிருகங்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுவார்கள். அவன் சம்சாரம் வீரம்மா குட்டிகளோடு குகையில் பட்டினி கிடந்தாள்.

அம்சவேணியின் முன்னங்கால் வீங்கியது. கரடி வைத்தியர் அமுக்கிப் பார்த்தார்.

"ஓடுறப்ப மூளையில எண்டார்பின்னு ஒண்ணு ஊறும்மா. அது வலியை மறைக்கும், ஆத்தாது. இன்னொரு தடவை ஓடினா எலும்பு முறிஞ்சிடும். பேசாம படு."

படுத்தாள். தூக்கம் போனது, உடம்பு நடுங்கியது. புல் கொண்டுவந்த கொம்பையாவிடம் எரிந்து விழுந்தாள்.

"கால் போயிரும்டி வேணி," என்று அவன் கெஞ்சினான்.

"ஓடலைன்னா நான் நானாவே இல்லையே!"

நொண்டிக்கொண்டே கிளம்பிவிட்டாள். பாவி மகள், எனக்கே ஆத்திரமாக வருகிறது.

பாதி ஓட்டத்தில் எலும்பு முறிந்து விழுந்தாள். பரவசத்தில் வலியே தெரியவில்லை. உக்கிரசாமி பதறிப்போய் நின்றான்.

"எழுந்திரு தங்கச்சி! எனக்கு இன்னும் உடம்பே சூடாகலை."

"முடியலண்ணே. நாளைக்குப் பார்க்கலாம்."

அப்போது வீரம்மா வந்தாள். அவள் ஓடவில்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, காற்று வாங்கப் போகிறவள்போல நிதானமாக நடந்து வந்தாள். அன்று குகையில் எல்லோருக்கும் வயிறு நிறைந்தது. கறியில் துளிக் கொழுப்பில்லை என்று குட்டிகள்தான் கொஞ்சம் குறைபட்டுக்கொண்டன.

மறுநாள் காலை, அழுது வீங்கிய கண்களோடு படுத்திருந்த கொம்பையாவின் புதருக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. உக்கிரசாமி உடம்பு நடுங்க நின்றிருந்தான்.

"மாப்பிள்ளை, ஓட வர்றீங்களா?"

நீதி: உடற்பயிற்சி உடம்புக்கு மிகவும் நல்லது. யாருடைய உடம்புக்கு என்பதை மட்டும் ஓடுவதற்கு முன் விசாரித்துக்கொள்ளவும்.