பாதியில் அறுந்த பெயர்ப் பட்டியல்

விருதுநகர் மாவட்டத்தில் ‘முடிஞ்சது’ என்று சொல்லாமல் எதையுமே முடிக்காத ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் நடுவாள்தான். ஊரே ‘வச்சிரட்டுமா’ என்று போனை வைக்கும். அவர் ‘பேச்சு முடிஞ்சது’ என்று அறிவித்துவிட்டுத்தான் வைப்பார். கல்யாண விருந்தில் மோர் ஊற்றிய பிறகும், “இனி ஒண்ணும் வராதுல்ல? உறுதிதானே?” என்று கேட்ட பின்புதான் இலையை மூடுவார்.

ஒருமுறை அவர் மனைவி போனில் செய்தி அனுப்பினார்: ‘புளி, வத்தல், துவரம்பருப்பு.’ இவர் ஒரு மணி நேரம் மளிகைக்கடை வாசலிலேயே நின்றார். கடைசியில் அந்த அம்மாவே தேடி வந்தார்.

“என்ன, இங்கன செலை மாதிரி நிக்கிறீக?”

“லிஸ்ட்டு இன்னும் முடியலையே.”

“லிஸ்ட்டே அம்புட்டுதேன்! பருப்ப வாங்கிட்டு நடங்க!”

அவர் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆள். எம். புதுப்பட்டி ஃபேக்டரியில் இருக்கும் சர்வரை வெளியார் நேரே தொட முடியாது. விருதுநகர் ஆபீஸில் இன்னொரு சர்வர் முன்னால் நின்று, கேள்வியை உள்ளே அனுப்பி, பதிலை வரிவரியாக வாங்கி, வரவர வெளியே தள்ளும். அதை அவர் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பார். எங்களுக்கு வாயில் நுழையாததால், நடுவில் நிற்கும் ஆள் என்ற பொருளில் நடுவாள் என்றோம். பிறகு அதைக் கட்டி மேய்ப்பவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் என்னிடம் விளக்கினார்: “அக்கா, நம்ம சர்வரு மொத வரி போகும்போதே ‘எல்லாம் சரி’ன்னு சொல்லித்தான் அனுப்புது. பாதியில ஃபேக்டரி லைன் அறுந்தா, சொன்ன வாக்க எப்படித் திரும்ப வாங்குறது? பாக்குறவுக வந்த பாதியவே முழுசுன்னு நெனைச்சுக்கிடுவாக.”

அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் அடியில் ‘முடிந்தது’ என்றொரு வரி வைத்தார். அது வராமல் லைன் போனால், நடுவாள் சர்வரே சிவப்பில் ‘பாதியில் அறுந்தது’ என்று எழுதிவிடும். மேனேஜருக்கு அந்தச் சிவப்பு ஆகவே ஆகாது.

“டீலருக பயப்படுறாகய்யா. எடுத்துரு.”

“பயப்படட்டும் சார். பாதி ஆர்டர முழுசுன்னு நம்பி லோடு ஏத்துறதுக்கு அது தேவலை.”

“எடுக்கிறியா இல்லையா?”

“எடுத்துர்றேன் சார்.” எடுக்கவில்லை.

நான் அங்கே ஆர்டர் எழுதுகிறவள். என் மகள் கவிதா ஃபேக்டரி லேபில் கெமிஸ்ட். போன மாதம் ஒரு முற்பகலில் ஷெட் ஒன்றில் தீப்பிடித்தது.

தீ என்றால் எல்லோரும் கேட்டுக்கு ஓடிவர வேண்டும். வெளியே வந்தவர்களின் பெயரை வாட்ச்மேன் கேட் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பதிவார். அது எங்கள் திரையில் வந்து விழும். பெயர்கள் வந்தன. மாரியப்பன் என்ற பெயரோடு நின்றன. கவிதா இல்லை.

“அம்புட்டுப் பேருதான் வெளிய வந்திருக்காக போல…” மேனேஜருக்கு வாய் குளறியது. நான் திரையில் முதல் பெயரிலிருந்து மறுபடி தேடினேன்.

நடுவாள் எழுந்து ஓடிவந்தார். “யாரு சார் அம்புட்டுதான்னது? கடைசி வரி எங்க?”

அவர் வாய் மூடுவதற்குள் திரையின் அடியில் சிவப்பு எழுத்து வந்தது.

“அக்கா, அறுந்தது பட்டியல்தான். தீன்னதும் அங்கன மெயின் ஸ்விட்ச்ச எறக்கியிருப்பாக.”

“அந்தச் செவப்ப எடுக்கச் சொன்னேன்ல?” பழக்கதோஷத்தில் மேனேஜர் கேட்டார்.

“மறந்துட்டேன் சார்” என்றபடியே கேட்டுக்கு போன் போட்டார் நடுவாள். “அண்ணே, இப்ப பேப்பர்லதானே எழுதுறீக? மொதல்ல இருந்து வேணாம். மாரியப்பனுக்கு அடுத்தாப்ல இருந்து வாசிங்க.”

காதில் விழ விழ ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொன்னார். ஏழாவது பெயர் கவிதா. அதோடு அவர் நிறுத்தவில்லை; என் பக்கத்து மேஜைக்காரியின் தம்பியும் அங்கேதான் இருந்தான். அவன் பெயரும் வந்தது. எல்லோர் பெயரும் வந்தது. எரிந்தது ஷெட் மட்டும்தான்.

இப்போதும் மகளின் போன் ஐந்து நிமிடம் பிந்தினால், நான் போய் அவர் மேஜை முன்னால் நிற்பேன். அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஃபேக்டரி கேட் நம்பரைப் போடுவார்.