கடிதம் வந்தால் பிரிக்காதீர்கள், அத்தான்

உ

தியாகராய நகர்,
சென்னை-17.
மாசி மாதம், 1973

மகா கனம் பொருந்திய அத்தான் சண்முகசுந்தரம் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் இசக்கிமுத்து தலைவணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கபுஷ்பமும் மகள் தேவானையும் ஜவுளிக்கடையும் கடையிலுள்ள சரக்கும் சௌக்கியம். அங்கே தங்கள் சௌக்கியத்துக்கும், அக்காளின் முழங்கால் சௌக்கியத்துக்கும், தாங்கள் புதிதாக வாங்கிய எருமையின் சௌக்கியத்துக்கும் திருச்செந்தூர் முருகன் துணை நிற்பானாக. தாங்கள் அனுப்பிய தூத்துக்குடி மக்ரூன் டப்பா உடையாமல் வந்து சேர்ந்தது. அதில் ஒரே ஒரு மக்ரூன் மட்டும் இப்போது மயிலாப்பூரில் எங்கேயோ கிடக்கிறது. அது எப்படி அங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் பார்த்துச் சொன்ன மயிலாப்பூர் நகைக்கடை கனகராஜ் அண்ணாச்சி வீட்டார் போன வெள்ளிக்கிழமை தேவானையைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வழியாக உங்கள் காதுக்கு ஏதாவது வந்து சேருவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது வரை தெரியாமல் இருந்த ஒரு பெரிய உண்மை திடீரென்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தை மாதம் அடையாறில் ஒரு மண்டபத்துக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் ஆர்டர் நமக்கு வந்தது. மாட்டிவிட்டுத் திரும்பலாம் என்று பார்த்தால் அதற்குள் அங்கே ஒரு சொற்பொழிவு ஆரம்பித்துவிட்டது, நான் ஏணியோடு மேடைப் பக்கம் மாட்டிக்கொண்டேன், நடுவில் எழுந்து போனால் மரியாதை இல்லை என்று முதல் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேசியவர் மயிலாப்பூர்க்காரர், காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். எடுத்த எடுப்பில், இந்த உலகம் வெளியே இல்லை, மனசுக்குள்ளேதான் இருக்கிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாம்பழத்தைப் பார்க்கிறீர்கள், மஞ்சளாகத் தெரிகிறது, அது கண்ணுடைய சமாசாரம், வாசனை மூக்குடைய சமாசாரம், தித்திப்பு நாக்குடையது, இதெல்லாம் போக மாம்பழம் என்று தனியாக மிச்சம் இருப்பதை எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று கேட்டார். ஒருவரும் காட்டவில்லை. "கண்ணை மூடிண்டு சொல்லுங்கோ, இந்த மேஜை எங்கே இருக்கு?" என்றார். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள், நான் மரியாதையாகக் கண்ணை மூடினேன். திறந்து பார்க்கிறேன், அத்தான், மேஜையைக் காணோம். சத்தியமாகக் காணோம். கூட்டம் முடிந்து காப்பி வைப்பதற்காக அதை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம், நான் கண்ணைக் கொஞ்சம் கூடுதல் நேரம் மூடிவிட்டேன் போலிருக்கிறது. இருந்தாலும் அந்த முதல் நிமிஷத்தில் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. காப்பி குடிக்கும்போது அவரைப் பிடித்து, யாரும் பார்க்காத நேரத்தில் சாமான்களெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். எங்கேயும் போகாது, நாம் பார்க்காதபோது பகவான் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் மனசில் பத்திரமாக இருக்கும் என்றார். இந்த இரண்டாவது பாதியைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளாததால்தான் இவ்வளவும் வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போதே எனக்கு விளங்கிவிட்டது, இது நம் தொழிலில் தினமும் நடப்பதுதானே. டியூப்லைட்டின் கீழே மயில்கழுத்து நிறமாக இருக்கும் சேலை, வாசலுக்குக் கொண்டு போனால் வெறும் பச்சையாக நிற்கிறது. அதனால்தான் வாங்க வருகிறவர்களெல்லாம் வாசல் வெளிச்சத்தில் காட்டுங்கள் என்று சேலையை வெளியே இழுத்துக்கொண்டு போகிறார்கள். வாசலில் தெரிவதுதான் அசல் நிறம் என்று யார் சட்டம் போட்டது? மறுநாளே கடையில் நான் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். கோபாலபுரத்து அம்மாள் ஒருத்தி, வீட்டில் போய்ப் பார்த்தால் நிறம் வேறாக இருக்கிறது என்று சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அம்மா, நிறம் சேலையில் இல்லை, உங்கள் மனசில் இருக்கிறது என்றேன். அவள் சேலையை என் முகத்தில் எறிந்தாள். நம் கடையில் சேலை எடுத்துப் போடுகிற கரீமுல்லா ஓடி வந்து, "தப்பா நென்ச்சுக்காதம்மா, மொதலாளிக்கு சூடு தலைக்கு ஏறிக்கினு கீது, நீ வேற ஒண்ணு எட்த்துக்கோ" என்று சமாதானம் செய்து அனுப்பினான். வீட்டில் தங்கபுஷ்பம் அதற்கும் மேல். காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "எல்லாம் மனசுலதான இருக்கு, ஒரு கொடம் மனசுலயே புடிச்சுத் தாங்க, சோறு பொங்கணும்" என்றாள். பெரிய விஷயங்கள் பேசப்படும் வீட்டில் இந்த மாதிரி எதிர்ப்பு சகஜம் என்று நானும் விட்டுவிட்டேன்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு இவ்வளவு உற்சாகம் வந்ததற்குக் காரணம் வேறு. தேவானையை இதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் வேறு வேறு கையெழுத்தில் எழுதினார்கள். நல்ல பெண், படித்த பெண், நிறம்தான் கொஞ்சம் மட்டு. அந்தக் கடிதங்களை அவளே தபால்காரரிடம் வாங்கிப் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டுவாள், குரல்கூட மாறாது. எனக்குத்தான் சோறு இறங்காது. நிறம் பொருளில் இல்லை, பார்க்கிறவன் மனசில் இருக்கிறது என்று தெரிந்ததும், நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அப்படியென்றால் என் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் வந்து பார்த்தவன் கண்ணில்தானே அத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

ஆனாலும் தத்துவம் ஒரு பக்கம், ஜாக்கிரதை ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வருவதற்கு முன்னால், கடையில் பட்டுச் சேலைக்கு மேலே எரிகிற டியூப்லைட்டைக் கழற்றிக்கொண்டு வந்து வீட்டு ஹாலில் மாட்டினேன். அதன் கீழே எதை வைத்தாலும் நிறத்தை ஒரு படி தூக்கிக் காட்டும். கனகராஜ் அண்ணாச்சி, அவர் சம்சாரம் முத்துலட்சுமி அம்மாள், பையன் மாணிக்கவாசகம், மூன்று பேரும் வந்தார்கள். கேசரியும் காராசேவும் தங்கள் மக்ரூனும் வைத்தோம். தேவானை வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் தின்கிறார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. பேச்சு இல்லையென்றால் நிறத்தைத்தானே பார்ப்பார்கள் என்று பயந்து, நான் அடையாறு விஷயத்தை எடுத்தேன்.

கடையைப் பூட்டிவிட்டா வந்தீர்கள் என்று அண்ணாச்சியைக் கேட்டேன். ஆமாம், நல்ல காரியத்துக்குக் குடும்பத்தோடு வரவேண்டுமே என்று பூட்டிவிட்டு வந்தேன் என்றார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்றேன், ஒருவரும் இல்லை என்றார். "அப்போ உள்ள இருக்க நகையை இந்த நிமிஷம் யாரும் பாக்கலை. யாரும் பாக்காத நகை அங்க இருக்குன்னு எப்படிச் சொல்லுதிய?" என்று கேட்டேன். வாய்க்குப் போய்க்கொண்டிருந்த மக்ரூன் பாதி வழியில் நின்றது. பூட்டுப் போட்டிருக்கிறேனே என்றார். பூட்டையும் யாரும் பார்க்கவில்லையே என்றேன். நகைக்கடைக்காரரிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, பேச்சின் ருசி அப்படி. கடையில் திருட்டு நடக்கிறதென்று எனக்கு ஏதோ துப்புக் கிடைத்துத்தான் நாசூக்காகச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, "எந்தப் பய வே உமக்குச் சொன்னான்?" என்று ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, தெருவில் போன டாக்சியை மறித்து, கையில் மக்ரூனோடு ஏறிப் போய்விட்டார். நகை எங்கேயும் போகாது, பகவான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற இரண்டாவது பாதியைச் சொல்வதற்காக நானும் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் டாக்சி பனகல் பார்க் பக்கம் திரும்பிவிட்டது.

மூச்சு வாங்க வீட்டுக்குத் திரும்பினால் முத்துலட்சுமி அம்மாள் எழுந்து நிற்கிறார்கள். அவர்கள் பிறந்த வீடும் ஜவுளிக்கடைதான் என்பதைத் தாங்கள் எனக்கு எழுதாமல் விட்டீர்களே, அது நியாயமா? தலையைத் தூக்கி டியூப்லைட்டைப் பார்த்தார்கள், குனிந்து தேவானையைப் பார்த்தார்கள். "இந்த லைட்டு வேலையெல்லாம் எங்க அப்பா கடையிலயே பாத்தாச்சு. நீ வாசலுக்கு வாம்மா" என்றார்கள். பெற்ற பிள்ளையைச் சேலையைக் கொண்டு போகிற மாதிரி வெளிச்சத்துக்குக் கூப்பிட்டால் எந்தத் தகப்பனுக்கு ரத்தம் கொதிக்காது? ஆனால் லைட்டை மாட்டியது நான், நான் என்ன பேச முடியும். தேவானை எழுந்தாள், நடந்தாள், வெயில் முகத்தில் விழும்படி வாசல்படியில் போய் நின்றாள். நின்றுகொண்டு, "அத்தை, எங்க கடையில சேலைக்கு ரவிக்கைத் துணி ஜோடி பாக்கணும்னா ஒண்ணை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டு போக மாட்டோம். அவங்களையும் வரச் சொல்லுங்க" என்றாள். மாணிக்கவாசகம் எழுந்தார். கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் போய் நின்றார். எதிர்வீட்டு மாடியில் நாலு தலை முளைத்தது. வெயிலில் வைத்துப் பார்த்தால் அவர் நிறமும் இவள் நிறமும் ஒரே சாயத்தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது, அத்தான். நான் நிலைமையைக் காப்பாற்றலாம் என்று நடுவில் புகுந்து, நிறம் உண்மையில் இவர்கள் இரண்டு பேரிடமும் இல்லை, உங்கள் மனசில்தான் இருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு விளக்க ஆரம்பித்தேன். தேவானை திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்பா, என் நெறம் என் மேலதான் இருக்கு. அது அங்கயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். குரல் மாறாதவள் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு மாறியது. அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் படியிலேயே நின்று வெயில் இறங்கும்வரை என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது முத்துலட்சுமி அம்மாள், கலந்து பேசிவிட்டுத் தூத்துக்குடிக்கு எழுதுகிறோம் என்றார்கள். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் கலந்து பேசி எழுதுகிறோம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆகையால் தங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், மயிலாப்பூரிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காதீர்கள். யாரும் படிக்காதவரை அதில் மறுப்பு என்று ஒன்று கிடையாது. என் மனசில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, நாயனக்காரர்கூட வந்து உட்கார்ந்தாயிற்று, அதைக் கெடுத்துவிடாதீர்கள். அக்காள் கையில் மட்டும் அகப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூடி வைத்ததைத் திறப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தபால் கார்டில் எழுதிவிட்டால்தான் ஆபத்து. அப்படி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, அரிசிப் பானைக்குள் கவிழ்த்துப் போட்டுவிடுங்கள். தபால்காரர் வழியில் படித்திருப்பார் என்றால் அவருக்கு நாலு மக்ரூன் கொடுத்து, படித்ததை மறந்துவிடச் சொல்லுங்கள்.

அக்காளுக்கும் தங்களுக்கும் எங்கள் மூவரின் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி, எருமையை விசாரித்ததாகச் சொல்லவும். உலகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்கள் அன்பு இருக்கிறது என்று நம்பியிருக்கும்,

இசக்கிமுத்து

பின்குறிப்பு: இதை மடித்து ஒட்டப் போகிற நேரத்தில் முத்துலட்சுமி அம்மாள் தனியாகக் கடைக்கு வந்து இறங்கினார்கள். வந்ததும் வராததுமாக அண்ணாச்சியைப் பற்றித்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கும் கடைக்கும் அலைந்துகொண்டிருந்தவர், நேற்று இரும்புப்பெட்டிக்கு எதிரே பெரிய முருகன் படம் ஒன்றை மாட்டினாராம், அதற்கப்புறம்தான் தூக்கம் வந்ததாம். சாமி பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்ற இரண்டாவது பாதியை வாசல்படியில் நின்று மாணிக்கவாசகத்திடம் சொல்லி அனுப்பியது தேவானைதானாம். பிறகு அந்த அம்மாள் உட்கார்ந்து, நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பட்டு எடுத்துப் போடச் சொன்னார்கள். கரீமுல்லா வழக்கம்போல ஒன்றை விரித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். "வெளிய வேண்டாம்ப்பா, இங்கயே போடு. கட்டிக்கிடப் போறவ நெறம் எனக்குத் தெரியும்" என்றார்கள்.

அத்தான், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கடிதம் வந்தால் உடனே பிரித்து அக்காளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மற்றதெல்லாம் மனசில் இருந்துவிட்டுப் போகட்டும், இது என் மனசில் மட்டும் இருந்தால் எனக்குப் போதாது, நீங்கள் எல்லாரும் ரயிலேறி வந்து கண்ணால் பார்க்க வேண்டும். டியூப்லைட்டைக் கழற்றிக் கடையிலேயே திரும்ப மாட்டிவிட்டேன். பகல் முகூர்த்தமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.