ஓ, பி வாரத்துச் சீட்டுகள்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள், இருங்கள். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான்.

வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்கான பரீட்சைக்கு என்று உங்கள் தங்கைக்கு ஆங்கிலச் சொல் புத்தகம் ஒன்றை அனுப்பி வைத்தீர்களே, அது வந்த நாளிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. அதில் சொற்களை முதல் இரண்டு எழுத்து வைத்துப் பிரித்திருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு ஜோடி. உங்கள் தங்கை ஒவ்வொரு சொல்லையும் அர்த்தத்தோடு சீட்டில் எழுதி, வீட்டில் ஏதாவது ஒரு பொருளின் மேல் ஒட்டிவிடுவாள். பொருளை நினைத்தால் சொல் ஞாபகம் வருமாம். ஏ, பி வாரமும் டி, ஈ வாரமும் எப்படியோ போயின, நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஓ, பி வாரம் வந்தது. என் ரேடியோவில் 'ஆப்சலீட், வழக்கொழிந்தது'. நான் பேப்பர் படிக்கும் மேசையில் 'ஆப்ளிவியஸ், சுற்றி நடப்பதைக் கவனிக்காத'. அலாரம் கடிகாரத்தில் 'ஓபே, கீழ்ப்படி'. என் நாற்காலியின் முதுகில், நான் சாயும் இடத்தில், 'ஆப்ஸ்டினேட், பிடிவாதமான'. கடைசியாகக் கட்டிலில், நான் படுக்கும் பக்கம், 'ஆப்ஸ்டகிள், தடை'. இருபத்தாறு வருடம் கூட இருந்த மனுஷனைப் பற்றி ஒரு பெண் இதற்கு மேல் என்ன எழுத முடியும்?

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லணும்னா வாயால சொல்லு, எதுக்கு ஒட்டுற?" என்று கேட்டேன். "ஐயோ, அது வெறும் ஞாபகத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் உதிரி பாகக் கிடங்குக்கு நான்தான் பொறுப்பு. அங்கே அட்டையில் எழுதியிருப்பதுதான் அடுக்கில் இருக்க வேண்டும், மாற்றி ஒட்டியவனுக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டில் பேரிங் மேல் போல்ட் என்று ஒட்டினால் பொறுக்குமா? பரீட்சைக்கு முந்தின நாள் அவள் டியூட்டியில் இருந்தபோது இருநூற்றுப் பதினோரு சீட்டுகளையும் உரித்து, கிடங்கு முறைப்படி சரிசெய்தேன். 'ஆப்சலீட்' எரியாத டார்ச்சுக்குப் போனது. 'ஆப்ஸ்டினேட்' திறக்க வராத சமையலறை ஜன்னலுக்கு. இடம் கிடைக்காத மற்றதையெல்லாம் சமையலறைக் கதவின் பின்னால் அகர வரிசையில் நேர்கோடாக ஒட்டினேன். அவ்வளவு அழகாக இருந்தது மச்சான், அவள் வந்து பார்த்துப் பாராட்டுவாள் என்றுகூட நினைத்தேன்.

அவள் வந்தாள், பார்த்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மறுநாள் பரீட்சை எழுதினாள், நாலு மார்க்கில் போய்விட்டது. முடிவு வந்த அன்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "பரீட்சை ஹால்ல கண்ண மூடி நம்ம வீட்டுக்குள்ள நுழைஞ்சு தேடினேங்க, எதுவுமே இருந்த இடத்துல இல்ல." திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். அதற்குப் பிறகு அவள் வீட்டில் படிப்பதே இல்லை, சொற்களை நோட்டில் எழுதி எடுத்துப்போய், மருத்துவமனையில் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறாள். இங்கே சுவரெல்லாம் டேப் உரிந்த தழும்பு. அவளுக்குப் பேச்சும் இல்லை, எனக்குப் புதுச் சீட்டும் இல்லை.

வருகிற இருபதாம் தேதி மறுபடியும் எழுதப் போகிறாளாம். தேறினால் மூன்று வருடம் அங்கே. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்காதீர்கள், கேட்டால் சாப்பாடு, துணிமணி என்று பொய் சொல்வேன். நீங்கள் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் அவள் தட்டமாட்டாள். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிடுங்கள். உங்கள் புத்தகத்தைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும். உங்களுக்கு என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்று காலை அவசரமாகக் கிளம்பியவள், என் பக்கத்துக் கட்டில் காலில் கால்விரலை இடித்துக்கொண்டு, "ஆப்ஸ்டகிள், தடை" என்று பல்லைக் கடித்தாள். தினமும் அங்கேதான் இடித்துக்கொள்கிறாளாம். எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டு கட்டில் காலுக்குத்தான் மச்சான், எனக்கு இல்லை. எல்லாவற்றையும் இடம் மாற்றி ஒட்டியதாக மேலே எழுதினேன். அந்த ஒன்றை மட்டும் ஒட்டவில்லை, என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பரீட்சையில் அந்தச் சொல்லும் வந்ததாம்.

அதனால் நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். இன்று லீவு போட்டுவிட்டு, தழும்பு பார்த்து, இருநூற்றுப் பதினோரு சீட்டையும் பழைய இடத்திலேயே ஒட்டி முடித்தேன். நாற்காலியில் இருந்ததும் நாற்காலிக்கே போய்விட்டது. புத்தகம் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் வரும்போது டேப் இரண்டு சுருள் வாங்கி வாருங்கள், அடுத்தது ஆர், ஈ வாரமாம். புரட்டிப் பார்த்தேன். 'ரிட்டர்ன், திரும்பி வா' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை மட்டும் நானே எழுதி, அவள் பயணப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டேன்.